மடிப்பில் எழும் கோபுரம்: கொங்கு நாட்டில் காகிதப் பொறியியலுக்கு இடமுண்டா?

கொங்கு நாட்டில் காகிதத்துக்குக் குறைவில்லை. ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அங்கே சேஷசாயி காகித ஆலை 1962 டிசம்பரில் ஆண்டுக்கு 20,000 டன் திறனோடு ஓடத் தொடங்கியது. கரூர் மாவட்டத்துப் புகளூரில், கரும்புச் சக்கையைக் கூழாக்கிக் காகிதம் செய்யவென்று 1979-ல் தமிழ்நாடு அரசு நிறுவிய ஆலை 90,000 டன்னில் ஆரம்பித்து இன்று ஆண்டுக்கு 4 லட்சம் டன் எழுதும், அச்சிடும் காகிதம் செய்யும் திறனுக்கு வளர்ந்திருக்கிறது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குக் காகிதபுரம் என்றே பெயர். அதே நிறுவனம் 2016-ல் மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் பல அடுக்குப் பூச்சு அட்டை செய்யும் ஆலையையும் திறந்தது. அதன் திறன் ஆண்டுக்கு 2 லட்சம் டன்.

அட்டையை வெட்டவும் மடிப்புத் தடம் போடவும் தெரிந்த கைகளும் இங்கே உண்டு. திருப்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பனியனிலும் ஓர் அட்டை டேக் தொங்குகிறது. உள்நாட்டில் விற்பவை மடித்த அட்டைப் பெட்டிக்குள் போகின்றன. அந்தப் பெட்டிகளுக்காகப் பிளைவுட்டில் எஃகுத் தகடு பதித்து டை செய்பவர்களும், பஞ்சிங், கிரீசிங் வேலை பார்ப்பவர்களும் கோவையிலும் திருப்பூரிலும் தலைமுறையாகத் தொழில் நடத்துகிறார்கள். வாங்குபவர்களைத் தேடி எங்கும் போக வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, சீர், புதுமனைப் புகுவிழா, கோயில் கும்பாபிஷேகம் என்று ஆண்டு முழுக்கப் பத்திரிகை அடிக்கிற ஊர் இது.

இவ்வளவும் இருந்தும், விரித்தால் எழுந்து நிற்கிற ஓர் அட்டையை நாமே கணக்கிட்டு, நாமே வரைந்து செய்யும் பழக்கம், அதாவது காகிதப் பொறியியல், ஏன் இங்கே வேர்விடவில்லை? கோவை டவுன்ஹால் பக்கத்துக் கடைகளில் பெட்டி வடிவப் பத்திரிகை கிடைக்கிறது. லேசரில் பூவேலை வெட்டிய அட்டை கிடைக்கிறது. எப்போதாவது விரித்தால் எழும் பாப்-அப் மாடலும் ஆல்பத்தில் தலைகாட்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிவகாசியிலோ சென்னையிலோ தில்லி சாவ்டி பஜாரிலோ பிளாங்க் கார்டாகச் செய்யப்பட்டு வந்தவை. நம்மூர் அச்சகம் அதன் மேல் 'மேட்டர்' அடித்துக் கொடுக்கும். மடிப்பை யோசித்தவர் யார் என்பது கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை எடைபோடும் முன் இந்த வேலை என்னவென்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பாப்-அப் அட்டை என்றதும் அலங்கார வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது அடிப்படையில் வடிவக் கணிதம்.

எளிய வகை 90 பாகையில் திறப்பது. ஓர் அட்டையை நடுவில் மடித்து, மடிப்புக்குக் குறுக்கே இரண்டு வெட்டு போட்டு, நடுப்பட்டையை உள்ளே தள்ளினால் ஒரு படி எழும். அந்தப் படியின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும். மடிப்புக் கோடுகள் எல்லாம் நடு மடிப்புக்கு இணையாக இருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளில் ஒன்று பிசகினாலும் அட்டை மூடாது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சதானி 1980களின் தொடக்கத்தில் இந்த ஒரே உத்தியை வைத்து மாளிகைகளையும் மாடிப்படிகளையும் ஒற்றைத் தாளில் எழுப்பிக் காட்டினார். ஒட்டு கிடையாது, பசை கிடையாது, வெட்டும் மடிப்பும் மட்டும்தான்.

இன்னொரு வகை 180 பாகையில், அதாவது அட்டையை மேசைமேல் முழுக்க விரித்து வைத்ததும் எழுவது. இதில் வேர் போன்றது 'வி' மடிப்பு. தனியாக வெட்டிய ஓர் அட்டைத் துண்டை நடுவில் மடித்து, அதன் இரண்டு அடிகளையும் நடு மடிப்பின் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக ஒட்டுவது. அட்டை விரிய விரிய அந்தத் துண்டு தானே நிமிரும்.

பேரூர் பட்டீசுவரர் கோயில் கோபுரத்தைக் கல்யாணப் பத்திரிகையில் இப்படி எழுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகையின் ஒவ்வொரு பக்கமும் 12 செ.மீ. அகலம், 18 செ.மீ. நீளம். கோபுரத் துண்டின் அடிகளை நடு மடிப்புக்கு 45 பாகையில் ஒட்டுகிறோம். கோபுரம் சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டுமானால், துண்டின் மைய மடிப்புக்கும் அடிவிளிம்புக்கும் நடுவே 90 பாகை இருக்க வேண்டும். 90-க்குக் குறைந்தால் ஒரு பக்கம் சாயும், கூடினால் மறுபக்கம் சாயும்.

எவ்வளவு உயரம் வைக்கலாம்? பத்திரிகையை மூடும்போது கோபுரம் உள்ளே 45 பாகையில் படுக்கும். எனவே உச்சி, நடு மடிப்பிலிருந்து உயரத்தின் 0.707 மடங்கு தூரத்துக்கு விலகி வரும். 15 செ.மீ. உயரக் கோபுரத்துக்கு அது 10.6 செ.மீ. உச்சியின் பாதி அகலமாக ஒன்றரை செ.மீ. இருந்தால் அதையும் உயரத்தோடு கூட்டிக் கணக்கிட வேண்டும். 16.5-ஐ 0.707-ஆல் பெருக்கினால் 11.7 வருகிறது. பக்கத்தின் அகலம் 12. மூன்று மில்லிமீட்டர் மிச்சம். கோபுரத்தின் அளவை ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் மூடிய பத்திரிகையின் ஓரத்தில் கலசம் துருத்திக்கொண்டு நிற்கும், உறைக்குள் போகாது. அடியில் அகன்று மேலே குறுகும் திராவிடக் கோபுரம் இந்த மடிப்புக்கு வாகானது. உச்சியில் அகலம் குறைவதால்தான் இவ்வளவு உயரம் கிடைக்கிறது. அகன்ற தலையுள்ள கட்டடத்தை இதே அட்டையில் எழுப்பினால் உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

இதற்கு மேல் அட்டையின் குணம் இருக்கிறது. எந்த ஆலையில் செய்தாலும் காகிதத்தில் நார்கள் இயந்திரம் ஓடும் திசையில் அதிகம் படியும். நார் ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் மேற்பூச்சு வெடிக்கும், வெள்ளை நார் தெரியும். தாங்கும் பக்கங்களுக்கு 300 ஜி.எஸ்.எம். அட்டை என்றால் எழும் துண்டுக்கு அதைவிட மெல்லியது வேண்டும், இல்லாவிட்டால் மூடிய அட்டை உப்பிக்கொண்டே இருக்கும். ஒட்டுவதில் அடியில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் உச்சியில் அது பன்மடங்காகத் தெரியும். அச்சகத்தில் வேலை செய்கிற எவருக்கும் இவை புதிதல்ல. பனியன் பெட்டிக்கு டை போடுகிறவர் தினமும் பார்க்கிற சங்கதிகள்தான். திறமை இல்லை என்ற காரணம் ஆகவே நிற்காது.

'இது நம் கலை இல்லை, ஜப்பானிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தது' என்பவர்களுக்குச் சென்னை மாகாணத்தின் ஒரு புத்தகத்தை நினைவூட்ட வேண்டும். 1893-ல் சென்னை அடிசன் நிறுவனம் 'ஜியோமெட்ரிக் எக்சர்சைசஸ் இன் பேப்பர் ஃபோல்டிங்' என்ற நூலை வெளியிட்டது. எழுதியவர் டி. சுந்தரராவ், வருவாய்த் துறை அதிகாரி. குழந்தைகளுக்கான கிண்டர்கார்டன் பயிற்சியில் வந்த வண்ணத்தாள் மடிப்பிலிருந்துதான் தமக்கு இந்த யோசனை பிறந்தது என்று முன்னுரையில் அவர் எழுதியிருக்கிறார். அளவுகோலும் காம்பஸும் இல்லாமல், தாளை மடித்தே சதுரத்திலிருந்து தொடங்கிச் சமபக்க முக்கோணம், பலகோணங்கள், கூம்பு வெட்டுகள், இன்னும் கடினமான வளைவுகள் வரை போகிறது நூல். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் புத்தகத்தில் இதைக் குறிப்பிட்டார். அந்தக் குறிப்பின் வழியாக இது அமெரிக்கக் கணித ஆசிரியர்கள் பெமன், ஸ்மித் இருவரின் கண்ணில் பட்டு, 1901-ல் சிகாகோவில் திருத்திய பதிப்பாக வந்தது. காகித மடிப்பைக் கணிதமாகப் பார்த்த உலகின் முன்னோடி நூல்களில் ஒன்று சென்னையில் அச்சானது என்பதை நம் பொறியியல் மாணவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? எனக்கு இது ஆற்றாமையாகவே இருக்கிறது.

ஏட்டில் மட்டும் அல்ல, தெருவிலும் மடிப்பு நம்மிடம் உண்டு. டிசம்பர் பிறந்தால் கோவைக் கடைகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தட்டையாக அடுக்கி வைக்கப்படும். அச்சிட்டு, துளை குத்தி, மடித்த அட்டை அது. விரித்துக் கட்டி உள்ளே பல்பை மாட்டினால் முப்பரிமாணத்தில் ஒளிரும். திருவிழாப் பந்தலில் தொங்கும் தேன்கூட்டுக் காகிதப் பந்தின் சூட்சுமம் இன்னும் அழகு. மெல்லிய தாள்களை அடுக்கும்போது ஒரு தாளில் பசைக்கோடு விழுந்த இடங்களுக்கு நடுவே அடுத்த தாளின் பசைக்கோடு விழும்படி ஒட்டி, மொத்த அடுக்கையும் அரைவட்டமாக வெட்டுவார்கள். இரண்டு முனைகளையும் பிடித்துச் சுற்றி விரித்தால் முழுப் பந்து. பள்ளிக்கூடத்தில் நோட்டுத் தாளைக் கிழித்துக் கத்திக் கப்பல் செய்யாத பிள்ளை நம்மூரில் வளர்ந்ததில்லை. மடிப்பு நம் கைக்குப் பழக்கமானதுதான்.

வாழ்த்து அட்டையும் அப்படித்தான். தொலைபேசியும் குறுஞ்செய்தியும் வருவதற்கு முன்பு, மார்கழி பாதி கழிந்ததும் பெட்டிக்கடை வாசலில்கூடப் பொங்கல் வாழ்த்து அட்டைகள் கயிற்றில் தொங்கின. கரும்பு, பானை, காளை, கோலம், சாமி படம், நடிகர் நடிகையர் படம். பெரும்பாலும் சிவகாசி அச்சு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய அந்த ஊர், காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் தலைநகராக வளர்ந்தது. அந்த அட்டைகள் ஏன் தட்டையாகவே இருந்தன என்பதற்கு எளிய காரணம், தபால். குறைந்த கட்டணத்தில் புக் போஸ்ட்டாகப் போக மெல்லிதாக இருக்க வேண்டும், ஒட்டாத உறையில் இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் அடித்துச் சில்லறைக் காசுக்கு விற்கிற பொருளில் கையால் ஒட்டும் வேலைக்கு இடமே இல்லை. அன்றைக்கு அது நியாயமான கணக்கு.

அந்தக் கணக்கு இப்போது தலைகீழாகிவிட்டது. செய்தி சொல்லும் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. கல்யாணத் தேதியும் மண்டபத்தின் பெயரும் வாட்ஸ்அப்பிலேயே போய்விடுகின்றன. இந்த நிலையில் அச்சிட்ட பத்திரிகைக்கு மிஞ்சியிருப்பது கையில் கொடுக்கிற மரியாதை. கொங்கு வேளாளர் வீடுகளில் தாம்பூலத்தட்டில் பத்திரிகையை வைத்து, நேரில் போய்க் கொடுத்து அழைக்கிறார்கள். குலதெய்வத்தின் பெயர், கூட்டத்தின் பெயர், பெரியவர்கள் பெயர் எல்லாம் வரிசை தவறாமல் அதில் இருக்கின்றன. நேரில் கொடுக்கும் பொருளுக்குத் தபால் கட்டணம் தடையில்லை. கையில் வாங்கியவர் திறந்து பார்த்து வியக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப் வந்ததால் பத்திரிகை செத்தது என்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அனுப்ப முடியாததைச் செய்யும் சுதந்திரம் பத்திரிகைக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

கூலி கட்டாது என்ற காரணத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோபுர அட்டையை ஒட்ட இரண்டு நிமிடம் என்று வைத்தால் 500 பத்திரிகைக்கு 1,000 நிமிடம், அதாவது 17 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. இருவர் உட்கார்ந்தால் இரண்டாம் நாள் காலையில் முடிந்துவிடும் வேலை. மண்டப அலங்காரத்துக்கும் மேடைப் பூவுக்கும் ஆகும் செலவின் பக்கத்தில் இது கண்ணுக்கே தெரியாது. சொந்தக்காரர் ஆயிரக்கணக்கில் இருக்கிற வீட்டில்கூட எல்லோருக்கும் இதையே கொடுக்க வேண்டியதில்லை. நெருங்கியவர்களுக்கு ஒன்று, ஊருக்குப் பொதுவாக இன்னொன்று என்று இரண்டு தரத்தில் பத்திரிகை அடிப்பது இப்போதே நடக்கிற பழக்கம்தான்.

ஒட்டும் கூலியால் இந்தத் தொழில் நின்றுபோக வேண்டியதில்லை என்பதற்கு உலகில் சான்று இருக்கிறது. மியூனிக் நகரத்து லோதர் மெகெண்டார்ஃபர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த புத்தகங்களில், ஒரு நாக்கை இழுத்தால் பல உருவங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் அசையும். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள்கள்தான் அச்சாணி. எல்லாம் கைவேலை. 1960களில் அமெரிக்காவில் பாப்-அப் புத்தகங்களை மறுபடி எழுப்பிய வால்டோ ஹன்ட், ஒட்டும் வேலையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார். கொலம்பியாவின் காலி நகரத்துக் கார்வஹால் அச்சகம் அதில் பேர்பெற்றது. பிறகு அந்த வேலை தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் போனது. வியட்நாம் தெருக்களில் விற்ற காகித அட்டைகளைப் பார்த்து வியந்த இரண்டு அமெரிக்கர்கள் 2014-ல் லவ்பாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இருவரும் கப்பல் வடிவமைப்புப் படித்த பொறியாளர்கள். கப்பலின் உடலைக் குறுக்கும் நெடுக்கும் பலகைகளாகப் பிரித்துக் கணக்கிடும் அதே முறையை அட்டைக்கு வைத்தார்கள். அட்டைகள் வியட்நாமில் கையால் செய்யப்படுகின்றன, வடிவமைப்பின் மதிப்பு பாஸ்டனில் சேர்கிறது. கை எங்கே இருந்தது, பணம் எங்கே சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டுகிற ஊராக மட்டும் இருந்தால் கூலி மட்டும்தான் மிஞ்சும்.

கூலி மட்டும் மிஞ்சும் ஊருக்கும் மதிப்பு சேரும் ஊருக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் பெயரில் இருக்கிறது. 1979-ல் யான் பியென்கோவ்ஸ்கியின் 'ஹாண்டட் ஹவுஸ்' என்ற பாப்-அப் புத்தகம் வந்தபோது, படம் வரைந்தவரின் பெயரோடு மடிப்புகளை வகுத்த டோர் லோக்விக்கின் பெயரும் காகிதப் பொறியாளர் என்று சேர்ந்து வந்தது. அந்தப் புத்தகம் பிரிட்டனின் கேட் கிரீன்அவே பதக்கம் வாங்கியது. மடிப்பை யோசிப்பது தனித் தொழில், அதற்குப் பெயரும் ஊதியமும் உண்டு என்று அந்தப் புத்தகத்துறை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் இந்த மரியாதைக்குப் பக்கத்தில் வருவது சென்னையின் தாரா புக்ஸ். 1994-ல் கீதா வுல்ஃப் தொடங்கிய பதிப்பகம் அது. வங்கத்துப் பட்டுவா ஓவியர்களின் சுருள் ஓவியத்தை, பிரித்தால் நீளமாக விரியும்படி மடித்து, ஸ்கிரீன் அச்சில் 'சுனாமி' என்ற நூலாக்கியது. ராம்சிங் உர்வேதியின் கோண்டு ஓவியங்களைப் பக்கத்துக்குப் பக்கம் துளை வெட்டி 2011-ல் வெளியிட்டது. அந்த நூல்களில் ஓவியர் பெயரோடு வடிவமைப்பாளர் பெயரும் இருக்கிறது. சென்னையில் முடிந்தது கோவையில் முடியாதா?

நம் பத்திரிகைத் தொழிலில் ஒருவர் முயன்று புதிய மடிப்பைச் செய்தாலும் அடுத்த சீசனுக்குள் அது எல்லா ஆல்பத்திலும் பெயரில்லாமல் வந்துவிடுகிறது. சட்டமும் இதில் உதவவில்லை. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி ஒரு வடிவத்தைப் பதிந்தால் 10 ஆண்டு உரிமை கிடைக்கும், மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் ஸ்டாம்பு, லேபிள், டோக்கன், கார்டு போன்றவற்றைப் பதிவுக்குரிய பொருளாகக் கருத முடியாது என்பது பதிவு அலுவலகத்தின் விளக்கம். லேபிள் பற்றிய 1963-ஆம் ஆண்டுப் பஞ்சாப் உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அலங்காரத்தை எடுத்துவிட்டால் வெறும் காகிதம்தான் மிஞ்சும், தனிப் பொருளாக எதுவும் இருக்காது என்பது அவர்கள் வாதம்.

தட்டையான லேபிளுக்கு அந்த வாதம் சரி. எழுந்து நிற்கும் அட்டைக்கு அது பொருந்தாது. கோபுர அட்டையின் அச்சையும் வண்ணத்தையும் முழுக்க எடுத்துவிடுங்கள், வெள்ளை அட்டையில் கோபுரம் அப்போதும் நிற்கும். அங்கே அலங்காரத்துக்கு அப்பால் ஒரு பொருள் இருக்கிறது. இயங்கும் முறையை இந்தச் சட்டம் காக்காது, அது வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு உரிமை கேட்க இடமிருக்கிறது என்பது என் கருத்து. யாராவது ஒருவர் விண்ணப்பித்து, மறுத்தால் மேல்முறையீடு செய்து இதைத் தெளிவாக்க வேண்டும். அதுவரைக்கும் வரைபடத்துக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தருகிற பாதுகாப்பையாவது பயன்படுத்தலாம். மடிப்பின் வரைபடத்தைத் தேதியும் பெயரும் இட்டு வைத்துக்கொள்வது முதல் படி.

ஆக, கூலியும் கைப்பேசியும் இரண்டாம் நிலைக் காரணங்கள். யோசித்தவருக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை என்பதுதான் முதல் காரணம். அதனால்தான் யோசிப்பவர்கள் இந்தத் தொழிலுக்குள் வருவதில்லை. பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் வடிவமைத்துப் பேர் வாங்கிய ஊர் கோவை. ஒரு புது கிரைண்டரை வடிவமைத்தவருக்கு இங்கே மதிப்பு உண்டு. மடிப்பை வகுத்தவருக்கும் அதே மதிப்பு உரியது என்பதை நாம் இன்னும் பழகவில்லை.

பொருளுக்குப் பஞ்சமில்லை. காங்கேயம் காளையின் திமிலையும் கொம்பையும் 'வி' மடிப்பில் எழுப்பலாம். அண்ணன்மார் கோயில் குதிரைகளை வரிசையாக நிறுத்தலாம். மருதமலைப் படிக்கட்டு 90 பாகை மடிப்புக்கென்றே அமைந்தது போலிருக்கும். பூப்பறிக்கும் நோம்பிக்கு ஒரு வாழ்த்து அட்டை, பட்டிப் பொங்கலுக்கு ஒன்று. இவற்றைத் தில்லியிலோ சிவகாசியிலோ இருப்பவர் நமக்காக யோசிக்க மாட்டார்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: முதலாண்டு வரைபட வகுப்பில் ஒரு பருவத்துக்கு ஒரு பாப்-அப் அட்டை செய்யச் சொல்லுங்கள். இணைப்புகளின் இயக்கத்தை இதைவிட மலிவாகக் கற்பிக்கும் கருவி கிடைக்காது. அச்சக உரிமையாளர்கள் ஆண்டுக்கு ஒரு மாடலுக்காவது உள்ளூர் வடிவமைப்பாளருக்குப் பணம் கொடுத்து, அவர் பெயரை அட்டையின் பின்புறம் அச்சிட வேண்டும். கல்யாண வீட்டார் பத்திரிகை தேர்ந்தெடுக்க உட்காரும்போது, விலையைக் கேட்டபின் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்த மடிப்பைச் செய்தவர் யார்? கடைக்காரர் பதில் சொல்லத் தொடங்கும் நாளில் கொங்கு நாட்டில் காகிதப் பொறியியல் என்றொரு தொழில் பிறந்துவிடும்.